போகும்போது நல்லாத்தானுங்க போனான்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது டிசம்பர் பிறந்திருக்கும். 7ஆம் தேதி கொடி நாள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கலெக்டர் உண்டியலில் முதல் காசைப் போடுவார். மறுநாள் பேப்பரில் படம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டு வரும் அந்தக் குட்டிக் கொடிதான் நம்மில் பலருக்குப் பட்டாளத்தோடு இருக்கும் ஒரே கொடுக்கல் வாங்கல். 1949 முதல் இது நடந்து வருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காசு முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குத்தான் போகிறது, தாராளமாகப் போடுங்கள். இந்த முறை காசைப் பற்றி இல்லாமல் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

பட்டாளம் என்றால் நமக்கு வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டைதான் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டுக்காரனுக்குத் தோட்டம், தறி, மில், மோட்டார் பம்பு என்று ஒரு கணக்கு. ஆனால் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். கோவை ரெட் ஃபீல்ட்ஸில் பிரதேச ராணுவத்தின் 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. அதே பகுதியில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, கடலே இல்லாத ஊரில். சூலூரில் விமானப்படை, உடுமலைக்குத் தெற்கே அமராவதிநகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். ஊருக்கு ஊர் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒன்று நிச்சயம் இருக்கும். தபால்காரர் முதல் மோர் விற்கிறவர் வரை அடையாளம் சொல்ல அந்த வீட்டைத்தான் சொல்வார்கள்.

அந்த வீடுகளில் சிலவற்றுக்கு மிலிட்டரிக்காரர் காலத்துக்கு முன்பே திரும்பி வந்துவிடுகிறார். குண்டடி பட்டு வந்தால் ஊரே திரண்டு போய் வரவேற்கும். இவர்கள் அப்படி வருகிறவர்கள் இல்லை. ஒருவருக்கு வலிப்பு, ஒருவருக்கு இருபத்தெட்டு வயதில் ரத்தக் கொதிப்பு. பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தம், இன்னொருவருக்கு முழங்கால் தேய்மானம். ராத்திரியில் தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறவரும் உண்டு. பென்ஷன் வரும் என்று குடும்பம் காத்திருக்கும். வருவதோ ஒரு கடிதம். ராணுவ டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டின் ஒரு வரி அதில் எடுத்தெழுதப்பட்டிருக்கும்: இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல. இந்த முடிவை ராணுவத்தில் 'நானா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வரி விழுந்தால் இயலாமைக்கான பென்ஷன் கிடையாது.

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் வீட்டுப் பெரியம்மா ஒன்று சொல்வார்கள் பாருங்கள்: "போகும்போது நல்லாத்தானுங்க போனான்." வயிற்றெரிச்சலில் சொல்லும் பேச்சு என்று நாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். அந்த அம்மா சொன்னதேதான் சட்டமும் சொல்கிறது.

1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகள் என்று ஒரு தொகுப்பு உண்டு. அதன் 5ஆம் விதி இப்படிப் போகிறது: படையில் சேரும்போது ஒருவரிடம் இன்ன குறை இருக்கிறது என்று குறித்து வைக்கப்படவில்லை என்றால், அவர் உடலும் மனமும் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு உடல்நிலை காரணமாக அவரை அனுப்பிவிட்டால், அந்தக் கேடு பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும். 9ஆம் விதி இன்னும் தெளிவு. நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் மேல் இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. 14ஆம் விதி, சேரும்போது செய்த பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று டாக்டர்கள் கருதினால், அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது.

ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டுக்குத் தெரியும் அந்தப் பரிசோதனை எப்படி இருக்கும் என்று. நெஞ்சை 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்டச் சொல்வார்கள். முட்டி இடிக்கிறதா, பாதம் தட்டையா, கண், பல், பழைய எலும்பு முறிவு என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். காதில் அழுக்கு இருந்தால்கூடச் சுத்தம் பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறவர்கள், பத்து வருஷம் கழித்து, "இது இவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த வியாதி" என்றால் எப்படி?

கோவைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து வரும் நெஞ்சு நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்த வேலையில் உரிய காலம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்ல விரும்பினால் அதை மறுதரப்புதான் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955இல் முதன்முதலில் தொடங்கியதே நம் கோவையில்தான். ஆக மில் தொழிலாளிக்கு என்ன நியாயமோ அதே நியாயம்தான் சிப்பாய்க்கும். எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நடத்திக் காட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் தரம்வீர் சிங். 1985 ஜூனில் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். சேரும்போது எந்தக் குறையும் எழுதப்படவில்லை. ஒன்பது வருஷ வேலைக்குப் பிறகு வலிப்பு நோய் என்று 1994இல் அனுப்பிவிட்டார்கள். 20 விழுக்காடு நிரந்தரக் குறைபாடு. மெடிக்கல் போர்டு, பணியோடு இதற்குத் தொடர்பில்லை என்று எழுதியது. ஏன் தொடர்பில்லை என்று ஒரு வரி காரணம் இல்லை. அலகாபாத் பாதுகாப்புக் கணக்கு ஓய்வூதிய அலுவலகம் அதை வைத்தே கையை விரித்தது. இமாச்சல உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார், மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் அவர் பக்கம் நின்றது. காரணம் சொல்லாத போர்டு முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது, சேரும்போது குறிப்பு இல்லையென்றால் அனுமானம் சிப்பாய்க்கே சாதகம் என்றது. மாதாமாதம் வரவேண்டிய ஒரு சிறு தொகைக்காகப் பத்தொன்பது வருஷம்.

அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் எல்லாம் இதன் மேல் கட்டிய சுவர்கள். 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கு. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கு. அந்த அமர்வில் நீதிபதி டி.எஸ். தாக்கூருடன் நம் தமிழ்நாட்டின் ஆர். பானுமதியும் இருந்தார். நோய் பணியால்தான் வந்தது என்று நிரூபி என ஒரு சிப்பாயிடம் கேட்க முடியாது என்று அங்கே நேராகவே சொல்லிவிட்டார்கள். 2017இல் லக்ஷ்மண்ராம் பூனியா வழக்கு மனநோய் பற்றியது. அதில் தீர்ப்பு வரும்போது அவரே உயிரோடு இல்லை, வாரிசுகள்தான் வழக்கில் நின்றார்கள். இவ்வளவும் ஆன பிறகு போர்டுகள் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். காரணம் எழுத வேண்டும் என்றுதானே சொன்னார்கள், காரணம் எழுத ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே காரணம்.

அந்தக் காரணம் இதுதான்: நோய் தொடங்கியபோது இவர் 'பீஸ் ஸ்டேஷனில்' இருந்தார். எல்லையில், உயர்ந்த மலையில், தீவிரவாத எதிர்ப்பு வேலையில் இருந்தால் 'ஃபீல்டு', உள்நாட்டுக் கன்டோன்மென்ட்டில் இருந்தால் 'பீஸ்'. பீஸில் நோய் கண்டால் பணிச்சுமை இல்லை என்று பொருளாம். மாரடைப்பு என்றால் இன்னொரு கணக்கு. வருவதற்கு முந்தைய 14 நாள் என்னென்ன வேலை பார்த்தார் என்று யூனிட்டிடம் பட்டியல் கேட்பார்கள். 14 நாளும் கடினமான வேலை என்று அதில் இல்லையென்றால் சந்தேகம்தான். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சத்தில், மேற்கே மலையும் சிறுவாணித் தண்ணியுமாக வளர்ந்த ஒரு பையன் மூன்று வருஷம் லடாக்கில் இருந்துவிட்டு, அப்புறம் உள்நாட்டு முகாமுக்கு வந்த ஆறாம் மாதம் அவனுக்குக் கொதிப்பு என்று கண்டுபிடித்தால், அந்த மூன்று வருஷம் அவன் ரத்தக் குழாய்க்குத் தெரியாமலா போயிருக்கும்? இப்படிக் கேட்க டாக்டர் ஆக வேண்டியதில்லை. டில்லி உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதையேதான் கேட்டது. நீரிழிவும் கொதிப்பும் 'வாழ்க்கைமுறை நோய்' என்று முத்திரை குத்திவிட்டால் போதாது, பீஸ் ஸ்டேஷனில் வந்தது என்பதும் போதாது, பணி காரணமில்லை என்றால் வேறெது காரணம் என்று போர்டு சொல்லியாக வேண்டும் என்றது. 2025 ஜூலை முதல் தேதி, மத்திய அரசு தொடுத்திருந்த கிட்டத்தட்ட 300 மனுக்களை ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. அந்த எண்ணை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். இத்தனையும் ராணுவ வழக்குகளுக்கான படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிட்ட பழைய சிப்பாய்களுக்கு எதிராக அரசே போட்ட வழக்குகள்.

அதே ஆண்டு ஏப்ரலில் பிஜேந்தர் சிங் வழக்கு. 1985இல் சேர்ந்து, சியாச்சின் பனிமலையில் பணியில் இருந்தபோது வலிப்பு கண்டு, கீழே இறக்கி, 1989 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். குறைபாடு 20 விழுக்காட்டுக்கும் கீழே என்று போட்டார்கள். 20 தொடாவிட்டால் பென்ஷன் இல்லை என்பது விதி. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியின் சாரம் என்னவென்றால், 20க்குக் கீழே என்றால் அவரை ஏன் வேலையைவிட்டு அனுப்பினீர்கள்? வேலைக்கு ஆகாத அளவுக்கு நோய், பென்ஷனுக்கு ஆகாத அளவுக்கு ஆரோக்கியம் என்று இரண்டையும் ஒரே ஆள் மேல் எழுத முடியாது. 50 விழுக்காடு என்று கணக்கிட்டு அவருக்குப் பென்ஷன் கொடுக்க உத்தரவானது. வேலையைவிட்டு வந்து 36 வருஷம் ஆகியிருந்தது.

ஒரு பக்கம் மட்டுமே பேசினால் நீங்களே என்னை நம்ப மாட்டீர்கள். பட்டாளத்தில் இருந்த காலத்தில் எது நடந்தாலும் பென்ஷன் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2022இல் ராம் சிங் என்ற முன்னாள் நாயக் வழக்கில், லீவில் ஊருக்கு வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்து நடந்த விபத்து, 80 விழுக்காடு குறைபாடு. ஆனாலும் பணிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் நம் ஈரோட்டுக்காரரான நீதிபதி எம்.எம். சுந்தரேஷ். மனசு கேட்காதுதான், ஆனால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயைப் பணியோடு பொருத்த முடியாது என்று மறுத்தார்கள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அனுமானம் என்பது ஆரம்பம்தான், அசைக்கவே முடியாத முடிவு இல்லை என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 100 விழுக்காடு குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. சம்பளம் 40,000 என்றால் 12,000. குறைபாடு 20 விழுக்காடு என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,400. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 50க்குக் கீழே இருந்தால் அதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் இருந்தால் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று 2001 ஜனவரியில் வந்த அரசாணை சொல்கிறது. உடல்நிலையால் இடையில் அனுப்பப்பட்டவருக்கு மட்டும்தான் அது என்று அரசு பிடிவாதம் பிடித்தது. முழுக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அப்படிப் பார்த்தால் அந்த 2,400 என்பது 6,000 ஆகிவிடும். விதவைகளுக்குப் பணியோடு தொடர்பு உண்டா இல்லையா என்ற அந்த வரி இன்னும் முக்கியம். இறப்பு பணியோடு தொடர்பில்லாதது என்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. தொடர்புடையது என்றால் 60.

ஆக, சட்டம் நம் பெரியம்மா பக்கம் இருக்கிறது. பின்னே ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? என் வாசிப்பில் பதில் கோர்ட்டில் இல்லை. பல வருஷம் முன்பு, போர்டுக்குப் போன அன்று, அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தில் இருக்கிறது. பணியைவிட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவப் படிவம் நிரப்பப்படும். அதில் ஒரு பகுதி டாக்டர் எழுதுவதில்லை, சிப்பாய் தன் வாயால் சொல்ல வேண்டியது. எந்தெந்த ஊரில் இருந்தாய், அது ஃபீல்டா பீஸா? நோய் எப்போது, எங்கே முதலில் கண்டது? சேரும் முன்னால் இருந்ததா? காயம் என்றால் எப்படிப் பட்டது, இன்ஜுரி ரிப்போர்ட் போட்டார்களா, விசாரணை நடந்ததா? பணியில் எந்தச் சம்பவம் இதற்குக் காரணம் அல்லது இதை அதிகமாக்கியது என்று நினைக்கிறாய்? எவ்வளவு நல்ல கேள்விகள் பாருங்கள். பணியால் வந்தது என்பதைத் தன் பக்கத்திலிருந்து பதிவு செய்ய ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கும் முக்கியமான சந்தர்ப்பம் அது. ஊருக்குப் போகிற ஆசையில், மறுநாள் ரயில் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிளார்க் எதிரே நிற்கும் முப்பது பேரில் ஒருவராக, 'இல்லை, இல்லை' என்று நிரப்பியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து அதே 'இல்லை'யை அரசு வக்கீல் எடுத்து வாசிக்கிறார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கொங்குப் பையன்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்பது என் எண்ணம். வலி என்று சொல்ல மாட்டார்கள். 'சிக் ரிப்போர்ட்' போட்டால் கூட இருக்கிறவன் கேலி பண்ணுவான், 'ஷேப் ஒன்' என்ற முழு ஆரோக்கியத் தகுதி போய்விடும், போனால் புரமோஷன் போய்விடும், வேலை நீட்டிப்பு போய்விடும். ஆகவே முழங்கால் பிசகியதை ஒரு தைலத்தில் ஒப்பேற்றிவிடுவார்கள். தோட்டத்தில் காலில் மண்வெட்டி பட்டால் மண்ணை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்த அப்பன்மார் வளர்த்த பிள்ளைகள்தானே. ஆனால் எழுதாத காயம் கோர்ட்டில் காயமே இல்லை.

காலம் கடந்துவிட்டது என்று கேட்காமலே இருக்கிறவர்களும் நிறைய. அவர்களுக்கு இரண்டு செய்தி. 2008 ஆகஸ்டில் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மாதாமாதம் வரவேண்டிய பென்ஷன் மறுக்கப்பட்டால் அது ஒவ்வொரு மாதமும் தொடர்கிற தவறு. அவர் 1983இல் அனுப்பப்பட்டு 1999இல்தான் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு நின்றது. ஆனால் பழைய பாக்கி முழுவதும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். இரண்டாவது செய்தி கசப்பு. 2008இல் திருத்திய விதிகளில், பணியைவிட்டு 15 வருஷம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் தலையில் என்று சேர்த்துவிட்டார்கள். நோய் பணிக்காலத்தில் தலைகாட்டியது என்பது மட்டும் போதாது என்றும் அதில் இருக்கிறது. ஆக, ஆறப்போடுவதற்கு விலை உண்டு.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு இன்னும் இறுக்கமான புதிய விதிகள். ஏன் இறுக்கினார்கள் என்றால், அதே ஆண்டு வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைக் காட்டுகிறார்கள். ஓய்வு பெறும் அதிகாரிகளில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு பேருக்கும், மற்ற நிலைகளில் இருப்பவர்களில் சுமார் 18 விழுக்காடு பேருக்கும் இயலாமைப் பென்ஷன் போகிறது என்றது அது. அதிகாரிகள் ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் வாசித்தார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. வயது கூட இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு நோய் கூடுதலாக வரும், அது ஒன்று. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது, தெரியாத ஜவானுக்குக் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதைச் சரி செய்யப் புதிய விதி எதுவும் வந்ததாகக் காணோம். 2015இல் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது அமைத்த வல்லுநர் குழு, சொந்தச் சிப்பாய்களுக்கு எதிரான மேல்முறையீடுகளைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் டில்லியில் அந்த 300.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு வாசகர் நிச்சயம் கேட்டு எழுதுவார். அமெரிக்காவிலும் இதே போராட்டம்தான். வியட்நாம் காட்டில் இலையுதிர்க்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்துக்காக 1991இல் ஒரு சட்டம், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திறந்த குழிகளில் குப்பை எரித்த புகைக்காக 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம். இன்ன இடத்தில் இருந்தார், இன்ன நோய் வந்தது என்றால் போதும், தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொள்ளும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். வியட்நாம் முடிந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது அந்த முதல் சட்டம் வர. நமக்கும் சியாச்சினுக்கும் லடாக்குக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால் எத்தனை வழக்கு மிச்சம்! 1984 முதல் அந்தப் பனியில் ஆள் நிற்கிறார்கள். அங்கே உடம்புக்கு என்ன ஆகும் என்று ராணுவ டாக்டர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யார்?

இப்போது சேரும் பிள்ளைகள் கதை வேறு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நாலு வருஷப் பணிக்குச் சேர்பவர்களுக்குப் பென்ஷனே கிடையாது. பணியால் வந்த குறைபாடு 100 விழுக்காடு என்றால் ஒரே தொகையாக 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம். அங்கேயும் அதே கேள்விதான்: பணியால் வந்ததா, பணியால் மோசமானதா? அந்த நாலு வருஷத்தில் எழுதாமல் விட்டதை அப்புறம் எழுத முடியாது. பயிற்சியிலேயே அடிபட்டு வீடு திரும்பும் கேடட்கள் பாடு இன்னும் சங்கடம். அமராவதிநகரிலிருந்து தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்கவும். அதிகாரியாகப் பொறுப்பேற்கும் முன் அனுப்பப்பட்டால் அவர்கள் 'முன்னாள் படைவீரர்' கணக்கில் வருவதில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர்களுக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு என்று அரசு அறிவித்தது.

வேலைக்கு ஆகும் விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள், இன்ஜுரி ரிப்போர்ட் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி நகல் போடுங்கள். போர்டு படிவத்தின் நகல் இல்லையென்றால் அவரவர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். மறுப்புக் கடிதம் வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் இரண்டாவது, அப்புறம் சென்னையில் படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு. டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, காகிதங்களோடு ஒரு நடை போய்வாருங்கள். கணவர் இல்லாமல் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை வாசிக்கும் நீங்கள்தான் அந்த யாராவது.

பொங்கலுக்குத் தம்பியோ அண்ணன் மகனோ லீவில் வருவான். அவன் கொண்டுவரும் கேன்டீன் சாமான்களைப் பற்றி விசாரிக்கும்போதே, முட்டி வலிக்குதுன்னு போன தடவை சொன்னியே, ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கினாயா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் யூனிட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். போர்டு, மேல்முறையீடு தொடர்பாக உங்களுக்கு இருக்கும் சந்தேகங்களை எழுதி அனுப்பினால், ராணுவ வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் பதில் வாங்கிப் பிப்ரவரி இதழில் போடுகிறோம். எந்தப் படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, வெளியே வந்த ஆண்டு ஆகிய மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்